மலைக்குள் போன ரயில்

கேழ்வரகு முளைகள் எல்லாம் கட்டில் பக்கமே சாய்ந்திருந்தன.

வினோதினி தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி வேண்டுமென்றால் கேழ்வரகை ஊறவைத்து, தட்டில் மண் பரப்பித் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பது சபையில் எல்லோரும் செய்வதுதான். இருட்டில் முளை நெடுநெடுவென்று வளரும். கடைசியில் வெயில் காட்டினால் பச்சை பிடித்துக்கொள்ளும். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்தப் பக்கம் சாயும், அதுவும் தெரிந்ததுதான். ஆனால் இந்தப் பின்னறையில் வெளிச்சம் கசிய வழியே இல்லை. ஜன்னலில் அட்டை வைத்து அடித்து, அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டவளே அவள்தான். நேற்றுத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். விடிவதற்குள் அத்தனை முளையும் மறுபடி திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் அப்பா அப்பாதுரையின் முதுகை நோக்கி வெள்ளை வெளேரென்று தலை சாய்த்திருந்தன.

"நைனா, எழுந்துக்கினியா?"

"பாப்பா," என்றார் அவர், சுவரிடம். "கதவைத் திறந்து வையேன். மூச்சு முட்டுது."

"கேரல் பாட வர்றவங்க வந்துட்டுப் போயிடட்டும் நைனா. அப்புறம் திறக்கிறேன்."

மூத்திர வாடையும் அவள் நேற்றுப் பூசிவிட்ட பவுடர் வாடையும் ஈர மண் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வந்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். இத்தனை நாளாகியும் அந்தப் பூட்டு விழும் சத்தத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

எல்லாம் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது. கோயிலில் பூசணிக்காய் ஏலம் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்பா, கொயர் பாடகர் குழுவில் அடிக்குரலுக்கென்று பேர்போன மனுஷன், யார் வந்தாலும் எழுந்து இடம் கொடுக்கும் மனுஷன், திடுதிப்பென்று எழுந்து நின்று வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, போதகரைப் பார்த்து வாயில் வராத வார்த்தையெல்லாம் பேசினார். வாலிபப் பையன்கள் போனைத் தூக்கினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரித்தே விட்டாள். வினோதினி தன் முந்தானையை எடுத்து அவர் இடுப்பில் சுற்றி, தலையைக் குனிந்தபடி இழுத்துக்கொண்டு வந்தாள். ஞாபகம் போகிற வியாதி, ஒருத்தர் தப்பும் இல்லை என்றார் டாக்டர். தப்பு இல்லையென்றால் மானம் போகாமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு யாரோ கேட்டபோது வாயில் தானாக வந்தது: "கீழ்பென்னாத்தூர்ல தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேன்." சொன்ன பொய்க்கு ஓர் அறை வேண்டியிருந்தது. பின்னறைக்குப் பூட்டு வந்தது. "உங்கப்பா, உன் இஷ்டம்" என்று கணவன் பிரசாத் அதோடு ஒதுங்கிக்கொண்டான்.

இந்த வருஷக் குடில் போட்டியில் பரிசு வாங்கினால் போதும். சபை அந்தப் பூசணிக்காய் ஞாயிற்றை மறந்து ரயிலைப் பற்றிப் பேசும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். பிரசாத்தின் சிநேகிதன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மை ரயில் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. எஞ்சினும், இரண்டு பயணிப் பெட்டியும், மேலே திறந்த ஒரு சரக்குப் பெட்டியும். கூடத்தில் இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் பிளைவுட் பலகை. பலகையில் சாக்பீஸால் தண்டவாளம் வளைந்தது. இங்கே மாட்டுத்தொழுவம், இங்கே மேய்ப்பர்கள், இங்கே ஸ்டேஷன், நடுவில் மலை. ரீப்பர் கட்டையில் கூடு கட்டி, கோழி வலை போர்த்தி, மைதாப் பசையில் நனைத்த காக்கி பேப்பரைக் கசக்கிக் கசக்கி ஒட்டினாள். காய்ந்ததும் கரும்பச்சை பூசினாள்.

"யூதேயா மலைன்னு ஆரம்பிச்சு அண்ணாமலையில வந்து நிக்கிறியே," என்றான் பிரசாத்.

"மலைன்னா எனக்கு வேற எது தெரியும்?"

"பெத்லகேமுக்கு ரயில் விட்டவளும் நீதான், அதைக் கிரிவலம் வரவெச்சவளும் நீதான். போதகர் ஐயா பரிசு குடுக்கிறாரோ இல்லியோ, ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு ஆச்சு." பிறகு மலையின் அடியில் குனிந்து பார்த்தான். "குகை நீளம் ஜாஸ்தி வேணாம். உள்ள தடம் புரண்டா கையை விட்டு எடுக்கணும்."

அவன் சொன்னபடியே செய்தாள். இந்த வாயில் ஒரு கை, அந்த வாயில் ஒரு கை விட்டால் மலைக்குள் இரண்டு கையும் விரல் கோத்துக்கொள்ளும். விட்டுப் பார்த்தாள். கோத்துக்கொண்டது.

முதல் ஓட்டத்தில் ரயில் அழகாகக் கிளம்பி, தொழுவத்தைச் சுற்றி, ஸ்டேஷனைத் தாண்டி, மலைக்குள் புகுந்தது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. நின்றுவிடவும் இல்லை. அதன் கடகட சத்தம் கேட்டது. ஆனால் பலகையிலிருந்து அல்ல, எங்கோ வயல் வெளிக்கு அப்பால் போகும் நிஜ ரயிலின் சத்தம் காற்றுக்கு ஏற்ற மாதிரி தேய்ந்து தேய்ந்து வருமே, அப்படி. அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் கட்டில் கிறீச்சென்றது. பிறகு எஞ்சின் மறு வாயில் வழியே மூக்கை நீட்டியது.

"சக்கரம் வழுக்குது. எண்ணெய் போடணும்," என்று பிரசாத் எழுந்து போனான்.

அவள் சரக்குப் பெட்டியைத் தொட்டாள். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பவுடர் வாடை.

மறுநாள் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு ஜாஹிரா மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க ரயிலு எங்க வீட்டு சுவத்துக்குள்ள ஓடுறாப்ல கீதே! எங்க வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கணுமானு கேக்கிறாரு."

வினோதினி சிரித்தாள்.

"பெரியவரு வந்துட்டாரா? உங்க பின்னறைப் பக்கம் யாரோ தட்டுறாப்ல இருந்துச்சு."

"ஆணி அடிச்சோம் ஜாஹிரா. நைனா தம்பி வீட்டுலதான்."

"வரச் சொல்லுங்கக்கா. காலையில கேட்டாண்ட நின்னு 'இன்னாமா சாப்டியா'ன்னு கேப்பாரு. அவரு இல்லாம தெருவே வெறிச்சுனு கீது."

வினோதினி குனிந்து, ஏற்கனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சபையார் கேரல் பாடி வந்து குடிலைப் பார்க்கும் நாள். காலையிலிருந்தே தூறல். அவர்கள் ஊர் வேங்கிக்காலின் புதுமனைத் தெருக்களில் தண்ணீர் தேங்கி, தவளைகள் பகலிலேயே கத்தின. தூக்க மாத்திரையை வாழைப்பழத்தில் அழுத்தி அப்பாவுக்குக் கொடுத்தாள். மென்றார், விழுங்கினார், வாயைத் திறந்து காட்டினார். மத்தியானம் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, முளைத்தட்டை மலையடியில் வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டாள். ரயில் உள்ளே போனது. தேய்ந்தது. வெகு தூரம் தேய்ந்தது. திரும்பி வந்தபோது சரக்குப் பெட்டியில் ஏதோ வெள்ளையாக இருந்தது.

பாதி கரைந்த மாத்திரை. எச்சில் நூல் இன்னும் அறவில்லை.

ஓடினாள். பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்தாள். அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

"நைனா, மாத்திரையைத் துப்பிட்டியா?"

"ரயில்ல ஏத்தி அனுப்புனேனே பாப்பா," என்றார், அலுத்துக்கொள்கிற மாதிரி. "வந்து சேந்துச்சா?"

அவள் நின்றாள். அவர் கைக்கு எட்டிய இடத்தில் சுவர், வெறும் சுவர். காதை வைத்துக் கேட்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்ததும் கேரல் வந்துவிட்டதோ என்று அறைக் கதவைச் சாத்தினாள். அந்தச் சமயம் பார்த்து இவர் கத்தினால்? வேட்டி இல்லாமல் இந்தக் கதவைத் தட்டினால்? எல்லோரும் நிற்பார்கள். சபையின் சரோஜா அக்கா நிற்பாள். பூட்டைப் பார்ப்பார்கள். பூட்டை.

அடுப்படிக்குப் போனாள். சபைக்காரர்களுக்குக் கிளறிய கேசரியில் ஒரு கிண்ணம் எடுத்தாள். மாத்திரைகளைக் கரண்டிக் காம்பால் நுணுக்கினாள். ஒன்று போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டையில் மிச்சம் எத்தனை என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் எல்லாவற்றையும் பிதுக்கினாள்.

அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். "நல்லா கீது பாப்பா. உங்கம்மா கை மாதிரியே கீது." கரண்டியை நக்கினார். கிண்ணத்தை வழித்துக் காட்டச் சொன்னார்.

காட்டினாள்.

பொழுது சாயும்போது வந்துவிட்டார்கள். மேளமும் கித்தாரும், நனைந்த குடையும், தொப்பி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவும், செருப்புக் குவியலும். கூடம் கொள்ளவில்லை. போதகர் நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார்.

"அடேங்கப்பா. தீபத்துக்கே போயிருக்கலாம் போல."

எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா அக்கா வினோதினியின் முதுகில் தட்டினாள். "போன வருஷம் நான் அருவி விட்டேன், நீ ரயிலே விட்டுட்டியேடி! அடுத்த வருஷம் நான் ஏரோப்ளேன்தான் விடணும்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு தன்னை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு குரல் கூடியது. கீழே, வெகு கீழே, தரையோடு தரையாக ஓடும் அடிக்குரல். வாத்தியம் என்றுதான் முதலில் நினைத்தாள். பாட்டு நின்ற பிறகும் அது ஒரு மூச்சு நேரம் நீண்டு, அப்புறம் அடங்கியது.

"யாரு அது அடியில பாடுனது?" என்று சரோஜா அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நம்ம அப்பாதுரை அண்ணன் பாடுறாப்லயே இருந்துச்சு."

தான்தான் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பிரசாத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரயிலை விடும்மா, பாப்போம்," என்றார் போதகர்.

விட்டாள். தொழுவம். ஸ்டேஷன். மலை. உள்ளே போனது.

வரவில்லை.

சத்தம் தேய்ந்தது. தேய்ந்தது. நின்றது.

"தடம் புரண்டுடுச்சு போல. கையை விட்டு எடும்மா," என்றார் போதகர்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினோதினி மண்டி போட்டாள். குகை வாயில் கையை விட்டாள். முழங்கை வரை போனது. தண்டவாளம் விரலில் தட்டுப்பட்டது. இந்நேரம் மறு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் விட்டாள். தோள் வரை. கன்னம் பேப்பர் மலையில் ஒட்டியது. உள்ளே காற்று வெதுவெதுப்பாக, அடைத்துக் கிடந்த காற்றாக இருந்தது. ஈர மண். மூத்திரம். பவுடர்.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

பிடித்து இழுக்கவில்லை. ரோடு தாண்டும்போது பிடிப்பார்களே, அப்படி. நாலு விரல் அவள் கைமேல், கட்டைவிரல் உள்ளங்கையில். அந்த நகங்களை நேற்று அவள்தான் வெட்டிவிட்டாள். கட்டைவிரல் அவள் உள்ளங்கையை மெல்லச் சுரண்டியது. நிறுத்தியது. சுரண்டியது. கேட்கிற மாதிரி.

"மாட்டிக்கிச்சா?" என்றாள் சரோஜா அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. வந்துடும்."

"ஆமாம்மா," என்றார் போதகர், சத்தத்தைத் தணித்து, கரிசனத்தோடு. "கேக்கணும்னே இருந்தேன். அப்பா எப்படி இருக்காரு? தம்பி வீட்டுலதானே?"

அத்தனை கண்ணும் அவள் மேல். அதே கண்கள். இடுப்பில் சாவி அழுந்தியது. நாலு எட்டு வைத்தால் பின்னறைக்குப் போய்விடலாம். ஒரே ஒரு வார்த்தை. இங்கதாங்கய்யா இருக்காரு, சீக்கிரம் வாங்க. அவ்வளவுதான். சொன்னால் எழுந்து ஓடி வருவார்கள். பூட்டைப் பார்ப்பார்கள். ஜன்னலில் அடித்த அட்டையைப் பார்ப்பார்கள். கிண்ணத்தைப் பார்ப்பார்கள்.

கட்டைவிரல் சுரண்டியது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

வினோதினி சிரித்தாள்.

"நல்லா இருக்காருங்கய்யா. தம்பி நல்லாப் பாத்துக்கிறான்."

உள்ளே அந்தக் கை அவள் விரல்களைக் கோத்துக்கொண்டு ஒருமுறை இறுகியது. எலும்பு நோக இறுகியது. அப்புறம் கட்டைவிரல் நின்றது. சுண்டுவிரல் குளிர்ந்தது. மோதிர விரல். அடுத்தது. அடுத்தது.

மறு வாய் வழியே ரயில் வெளியே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

"அப்படியே மண்டி போட்டிரும்மா, அதான் சரி," என்றார் போதகர், எழுந்து நின்று. "அப்பாவோட சுகத்துக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புறோம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். பிரசாத்தும் மூடினான். திறந்த கண்ணோடு, வாயில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, தோள் வரை மலைக்குள் கையை விட்டபடி அவள் மட்டும் மண்டியிட்டிருந்தாள். போதகர் அவள் அப்பாவின் பேரைச் சொல்லி நீடித்த ஆயுளைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே, அவள் விரல்களோடு கோத்துக்கொண்ட விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்துக்கொண்டிருந்தன.