செனட்டருக்கு ஒரு பொட்டு

"ஐயோ...!"

சுஜாந்தினியின் அலறலில் டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

அவள் பராமரிக்கும் கிழவர் அக்செல், எழுதும் மேசையிலேயே தலை சாய்த்துச் செத்துக் கிடந்தார்!

மாரடைப்பு என்றார் டாக்டர். அதோடு முடிந்திருந்தால் நிம்மதி...

"மாமாவின் டைரியைக் காணோம்! இவள்தான் திருடிவிட்டாள்!"

டேனிஷில் குதித்தான் அக்செலின் அக்கா மகன் யென்ஸ்.

டைரி உண்மையில் எஸ்ரா விட்கொம் என்ற அமெரிக்க செனட்டருடையது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஊரான் காட்டை வெட்டி ரயில் விட்டு, அந்தக் காசில் செனட்டரான மகான்! அவர் வாழ்க்கையைத்தான் அக்செல் பதினொரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். டைரியை வாங்க அமெரிக்காவில் ஆள் காத்திருந்தது.

விசாரிக்க வந்த போலீஸ்காரி சாரங்கா, டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பெண்.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. எடுத்தனீங்களோ?"

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? போன மாசம்தான் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டனான். களவுக் கேஸ் விழுந்தா எல்லாம் போச்சு!"

தன் கைப்பையை அவளே மேசையில் கொட்டிக் காட்டினாள்.

"நான் இந்த அறைக்குள் வந்து ஒரு மாதம்!" என்று சத்தியம் செய்தான் யென்ஸ்.

சுஜாந்தினி சுவரில் தொங்கிய பழைய படத்தைப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"பிள்ளை... அந்தப் படத்திலை இருக்கிற ஐயாவின்ரை பொட்டைப் பாரும்!"

"பொட்டோ?!"

"கிழவரின்ரை செத்த தகப்பனாக்கும் எண்டு, ஒவ்வொரு நாளும் சந்தனம் குழைச்சுக் குங்குமப்பொட்டு வைக்கிறனான். இண்டைக்குக் காலமையும் வைச்சனான். கிழவர் கோப்பி குடிச்சுக்கொண்டு சிரிச்சவர்."

"அன்ரி, அதுதான் செனட்டர்!"

"அடக் கடவுளே! ரெண்டு வருசமா ஒரு காட்டுக் கள்ளனுக்கே பொட்டு வைச்சனான்?"

செனட்டரின் பொட்டு மூக்குவரை இழுபட்டிருந்தது. யாரோ படத்தைக் கழற்றி, திரும்ப மாட்டியிருக்கிறார்கள்!

சாரங்கா பாய்ந்து யென்ஸின் கையைத் திருப்பினாள்.

பெருவிரல்... சிவப்பு!

"படத்துக்குப் பின்னால்தான் மாமா ஒளித்து வைப்பார்..." என்று அழுதான் யென்ஸ். "அவர் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது."

அவன் கோட்டுக்குள்ளிருந்து டைரி வெளியே வந்தது. சுஜாந்தினிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சாரங்கா கடைசிப் பக்கத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னாள்.

"'பறிச்ச நிலம் எல்லாத்தையும் சனங்களுக்குத் திருப்பிக் குடுத்திட்டன். என்னை மன்னியுங்கோ'..."

சட்டென்று நிறுத்தினாள். எழுத்தை உற்றுப் பார்த்தாள்; மற்றப் பக்கங்களையும் புரட்டி, மேசையில் கிடந்த அக்செலின் குறிப்புகளோடு ஒப்பிட்டாள்.

"அன்ரி... இது போல்பொயின்ற் பேனை! அந்தக் காலத்திலை ஏது? முழு டைரியையும் அக்செலே இருந்து எழுதியிருக்கிறார்!"

திருடியது போலி! யென்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீர் வாசிக்கேக்கையே எனக்கு விளங்கீற்றுது, பிள்ளை."

"பேனையைப் பார்த்தனீங்களோ?"

"பேனையை ஆர் பார்த்தது? அரசியல்வாதியாவது, பறிச்சதைத் திருப்பிக் குடுக்கிறதாவது!"