மேலடுக்கு

தொடுமீட்பியின் மூக்கு தாழியின் விளிம்பை நெருங்கியதும் ரெமெடியோஸ் குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"இருங்க, இருங்க! இஸ்கோவோட கையை எரிக்கப் போறீங்களா?"

அரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரையிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு வேலைக்கு வந்த மங்கையர்க்கரசி அவள். இங்கே பேர் 'அரசி' வரைதான் மிஞ்சியிருந்தது. பலவான் தீவின் கரையோர ஊர்களில் எத்தனையோ தாழிகளைப் படித்திருக்கிறாள். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

தொடுமீட்பி வந்தபிறகு பழம்பொருளைக் கண்ணால் பார்த்து ஆராய்கிற காலம் மலையேறிவிட்டது. சுடுமண்ணை ஒருவர் தொட்டால் வியர்வையும் தோலின் பிசுக்கும் அதன் நுண்துளைகளில் தங்கும். கருவி அதைச் சூடேற்றி ஆவியாக்கும். படிக்கிறவர் மாட்டியிருக்கும் உணருறைக்குள் அந்தக் கை, அன்று அழுத்தியபடியே வந்து அழுத்தும். ஒரே ஒரு தடவை. அழுத்தமும் அசைவும் எண்களாகச் சேமிப்பில் ஏறும்தான். ஆனால் எண்களைத் திரும்பக் கையாக்கும் வித்தை இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. அரசி வேலை செய்யும் காப்பகத்துக்கு எண்களே போதும். அதற்கு வேண்டியது அடியடுக்கில் இருக்கும் பழங்காலக் குயவரின் கை. மேலே இருக்கும், கண்டெடுத்தவரின் கைக்கு அங்கே பெயர் 'மாசு'.

இந்தத் தாழியின் மாசு இஸ்கோ, ரெமெடியோஸின் புருஷன். கிணறு தோண்டும்போது கிடைத்ததை நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன். அதன்பின் மீன்பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கினான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் தாழியைத் துணிபோட்டு மூடி, விரல் நுனிகூடப் படாமல் வைத்திருக்கிறாள்.

"படிக்காம விட்டா அவர் அதுலயே இருப்பார்ல, அரசி?"

"இருப்பார், ஆத்தே." ஆத்தே என்றால் அந்தத் தீவில் அக்கா. "ஆனா உங்க கைக்கு வரமாட்டார். நான் விட்டாலும் இன்னொருத்தர் வந்து எரிப்பாங்க. அந்த உறையை நான் மாட்டிக்கிறதுக்குப் பதிலா நீங்க மாட்டிக்கிறீங்களா?"

ரெமெடியோஸ் தாழியை மூடியிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, கல்யாணத்தன்று மோதிரத்துக்கு நீட்டியதைப்போலக் கையை நீட்டினாள்.

கருவி முனகியது. முதலில் இரண்டு தட்டு.

"ஐயோ, கடவுளே!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "'தாபி தாபி போ' சொல்றார்! மண்ணுக்குள்ள இருக்கிறவங்ககிட்ட, கொஞ்சம் வழிவிடுங்கன்னு கேக்கிறது. எருமையை நகர்த்தவும் இப்படித்தான், படுக்கையில என்னை நகர்த்தவும் இப்படித்தான். ரெண்டு தட்டு!"

அப்புறம் முழு உள்ளங்கை வந்தது. ஈரமண்ணில் வழுக்கி, கனத்தைத் தாங்கி, இறுகப் பற்றியது. பெருவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த தழும்புகூட உறுத்தியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள விரல்களை மடக்கினாள். உறைக்குள் ஒன்றுமில்லை.

"போயிட்டாரா?"

"ம்."

அரசி அடியடுக்குக்குக் கருவியைத் திருப்புவதற்குள் ரெமெடியோஸ் உறையை உருவிப் போட்டு, வெறுங்கையால் தாழியை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு அதைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை விளிம்பில் வைத்து விக்கி விக்கி அழுதாள். அரசி தடுக்கவில்லை. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது: புதிய மாசு. எரிக்கவா?

பொத்தானை அழுத்தினால் குயவர் கிடைப்பார். அழுத்தப்போன அரசிக்குக் காப்பகத்தின் கண்ணாடிப் பேழைகள் நினைவுக்கு வந்தன. அங்கிருக்கும் தாழிகளெல்லாம் அவள் அடிவரை படித்தவை. ஒரு கீறல் இல்லை, விரிசல் இல்லை. ஒரு மனுஷக் கையும் மிச்சமில்லை. பாதுகாக்கிறேன் பேர்வழி என்று அத்தனையையும் துடைத்து வைத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. கருவியை அணைத்தாள்.

ரெமெடியோஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்க சொன்ன அந்த இன்னொருத்தர் வந்து எரிச்சுட்டா?"

"எரிக்கட்டும், ஆத்தே. எரிக்கிறவங்க உறைக்குள்ள முதல்ல நம்ம கைதான் தட்டும்."

"நம்ம கையா?"

தாழியில் கை படாமலிருக்கப் போட்டிருந்த தன் கையுறையை அரசி கழற்றினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தாழியையும் அவள் வெறுங்கையால் தொட்டதில்லை. மண் சொரசொரவென்று, ரெமெடியோஸின் கன்னம் பட்ட இடத்தில் ஈரமாக இருந்தது.

இரண்டு தட்டுத் தட்டி, "தாபி தாபி போ" என்றாள்.