கோபுரத்துக் கயிறு

கோட்டைக் கோபுரத்துக்குள் யாரும் இல்லை என்றுதான் வாசலில் டிக்கெட் கிழித்த பெண் சொல்லியிருந்தாள். ஆனால் மேலேயிருந்து யாரோ இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

சிவகௌரி சுவரோடு ஒதுங்கி நின்றாள். சுழன்று ஏறும் அந்தக் கல்படிகளில் இருவர் தோளுரசாமல் கடக்க முடியாது. நடுத்தூணைச் சுற்றி, இரும்பு வளையங்களுக்குள்ளால் மேலிருந்து கீழ்வரை ஒரே தடித்த கயிறு ஓடியது. கைபிடிக்க இருந்தது அது ஒன்றுதான். ஈரக்கல்லும் புறா எச்சமும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. சுவரில் அம்பெய்வதற்காக விட்டிருந்த ஒடுங்கிய பிளவு வழியே, டிசம்பர் மாதத்துப் பின்னேர வெளிச்சம் பழந்துணி போல ஒரு படியில் மட்டும் கிடந்தது.

அவள் லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்பவள். முதலில் ஜெர்மனி, பிறகு லண்டன் என்று இத்தனை வருடம் வாழ்ந்தும் வீடு, கடை, கோயில் தவிர எங்கும் தனியே போனதில்லை. லீவு கிடைத்ததும் விக்டோரியா ஸ்டேஷனில் ரயிலேறி, ஒரே நாளில் இரண்டு கோட்டைகளைப் பார்த்துவிடுவதென்று முடிவெடுத்தாள்.

"கல்லைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் போறீர்?" என்று கணவர் யோகராஜா சிரித்தார்.

"ஓம், கல்லைப் பார்க்கத்தான் போறன்."

காலையில் முதல் கோட்டையின் மதிலில் அமர்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டபோது, யாரும் தன்னைத் தேடாத ஒரு நாள் இவ்வளவு இனிக்குமா என்றிருந்தது. பிறகு மறுபடி ரயில். சில ஸ்டேஷன்கள் தள்ளி, வெறிச்சோடிய ஒரு சிற்றூரில் இந்த இரண்டாவது கோட்டை.

காலடிச் சத்தம் ஒரு சுற்று மேலே வந்து நின்றது.

"ஹலோ?" என்றாள்.

அவள் கைக்குள் இருந்த கயிறு மெல்ல இறுகியது. மேலே யாரோ அதைப் பிடித்துச் சாய்ந்து நிற்பதுபோல.

ஏறுகிற எண்ணத்தை விட்டுவிட்டு இறங்கத் தொடங்கினாள். மேலே அதுவும் இறங்கியது. வெறுங்கால் ஈரக்கல்லில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். அவள் நின்றாள். நின்றது. இறங்கினாள். இறங்கியது. எங்கோ அடியில் கனத்த கதவொன்று சாத்தப்பட்டது. டிக்கெட் கொடுத்தவள் பூட்டிவிட்டுப் போகிறாளோ? சிவகௌரி ஆங்கிலத்தில் கத்தினாள். அவள் குரலே சுற்றிச் சுற்றிக் கீழே போய் அடங்கியது.

பிளவருகே வந்தபோது கைப்பையில் போன் அடித்தது.

"எங்க நிக்கிறீர்?" யோகராஜாதான்.

"கோபுரத்தில. இறங்கிறன். இஞ்சாருங்கோ, ஆரோ எனக்குப் பின்னால வருகினம். எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஓம், எனக்கும் கேக்குது. அந்தப் பொம்பிளை ஆர்?"

"எந்தப் பொம்பிளை?"

"உமக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கிறா. அழுகிற குரல். திரும்பத் திரும்ப ஒண்டைத்தான் சொல்லுறா."

அவள் காதைத் தீட்டினாள். சுவரில் நீர் சொட்டுவது தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுறா?"

"டோன்ட் கோ டவுன் எண்டு. கீழ போகாத, கீழ போகாத எண்டு." அவர் குரலில் சிரிப்பு இல்லை. "கௌரி, கீழ என்ன இருக்கு?"

இணைப்பு அறுந்தது.

மேலே இருந்தது கயிற்றை விட்டது. கயிறு தளர்ந்து அவள் விரல்களில் தொங்கியது.

மறுபடி இறுகியது.

இம்முறை கீழிருந்து.

மேலே அந்த வெறுங்கால்கள் ஓடத் தொடங்கின. இறங்கவில்லை. ஏறின. தட்டுத் தடுமாறி, விழுந்தெழும்பி, உயிரைக் காப்பாற்ற ஓடுகிறவரின் ஓட்டம். அவளும் ஓட வேண்டும். கால் அசையவில்லை. வெளிச்சம் கிடந்த படி மங்கிக்கொண்டிருந்தது. கயிறு வளையத்துக்குள் கிரீச்சிட்டது.

தூணின் வளைவுக்குக் கீழே, கயிற்றில், ஒரு கை.

அதற்கு முன்னால் இன்னொரு கை.

அதற்கும் முன்னால், அவள் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி, மூன்றாவது.