பிரியாணிக்கு வந்தவர்களின் நிம்மதி

மனதை அளக்கும் கருவியான உளமானியின் பட்டையைத் தமயந்தி மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவள் மகள் மினு, காப்பகத்துப் பெண்ணின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். திரை பச்சையானால் மினு அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம். சிவந்தால் அந்தப் பெண்ணோடு காப்பகத்துக்குத்தான். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும், வளர்க்கத் தகுதி உண்டா என்று இப்படிச் சோதனைக்கு உட்கார வேண்டும் என்று இந்த வருஷம்தான் சட்டம் வந்திருந்தது.

வாய் சொல்லும் பதிலை உளமானி சட்டை செய்யாது. நாடியையும் குரலின் நடுக்கத்தையும்தான் படிக்கும்.

“குழந்தைய அடிச்சிருக்கீங்களா?” கருவியை இயக்கும் சகாயராஜ் கேட்டான்.

“இல்ல.” உண்மைதான். ஆனால் குரல் நடுங்கியது. திரையில் முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்பை நோக்கி ஏறியது.

“பதறாதீங்க மேடம். நீங்க செஞ்ச மெஷின்தானே?”

அதுதான் கொடுமை. எத்தனை முறை சோதித்தாலும் ஒரே எண்ணைச் சொல்லும் என்று மேடைக்கு மேடை பீற்றிக்கொண்டவள் அவள். ஒரே எண்ணைச் சொல்வது வேறு, சரியான எண்ணைச் சொல்வது வேறு என்பது இப்போதுதான் உறைத்தது.

“சகாயராஜ், இது என் குணத்தை அளக்கல. பயத்தை அளக்குது. பிள்ளைய தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னா எந்த அம்மாவுக்குப் பயம் வராது?”

“சோதனைய குறை சொன்னா அதுக்கும் முள் ஏறும் மேடம். எதையாவது மறைக்கிறவங்கதான் குறை சொல்வாங்கன்னு நீங்கதானே அதுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?”

முள் ஏறியது.

இயல்பான மனம் எப்படி இருக்கும் என்று உளமானிக்குக் கற்றுக்கொடுத்த காலம் நினைவுக்கு வந்தது. சோதனைக்கு ஆளே கிடைக்கவில்லை. வந்தால் மட்டன் பிரியாணி என்று கல்லூரி விடுதியில் அறிவிப்பு ஒட்டிவைத்தாள். பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். ஏப்பம் விட்டபடி, ஒருவரை ஒருவர் கிண்டலடித்தபடி பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். இழக்க எதுவும் இல்லாத அந்த நிம்மதிதான் இன்று ஊருக்கெல்லாம் அளவுகோல்.

திரை சிவந்தது.

“அம்மா!” என்று அலறிய மினுவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் நடந்தாள். தமயந்தி பாய்ந்து எழுந்தாள்; பட்டையின் கம்பி அவளை இழுத்து நிறுத்தியது.

சகாயராஜ் அதை அவிழ்த்தான்.

“காலைலேர்ந்து ஒரு பச்சைகூட வரல மேடம். மத்தியானம் எனக்குச் சோதனை. ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா. எப்படி உட்கார்ந்தா பச்சை வரும்? உங்களுக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும்.

“பிள்ளையே இல்லாதவன் மாதிரி உட்காரணும்” என்றாள்.