நடுக்கமில்லாத சாட்சி

தரணிதரன் சாட்சிக்கோலை நீட்டிப் பிடித்த இருபதாவது நொடியில் நீதிமன்றத் திரையில் தொண்ணூற்றாறு என்று எண் விழுந்தது. கோகிலவாணியின் நெஞ்சில், சேலை மடிப்பின் மேல், அந்தச் சிவப்புப் புள்ளி ஆணி அடித்த மாதிரி நின்றது. "தணிப்பியைக் கழட்டினது இவங்கதானுங்க" என்று அவன் சொல்லி முடித்த பிறகும் அது இம்மி அசையவில்லை.

கோகிலவாணிக்கு முதலில் வந்தது கோபமல்ல, வெட்கங்கெட்ட ஒரு பெருமை. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறது. பொத்தானை நகநுனி தொடவில்லை, விரலின் சதை அமுக்குகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகுதான் பேசுகிறான். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்த நொடியில்தான் கோபம் வந்தது. பதினோரு வருஷம் ஒரே பட்டறையில், ஒரே டிபன் கேரியரில் அவளோடு பங்கு போட்டுச் சாப்பிட்டவன் அவன்.

சத்தியம் செய்து சாட்சி சொல்லும் வழக்கம் ஒழிந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது சாட்சியின் கையில் பேனா அளவில் ஒரு லேசர் கோலைக் கொடுக்கிறார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவர்மேல் ஒளியைக் காட்டியபடியே சொல்ல வேண்டும். பட்டுத் திரும்பும் ஒளியில் பிடித்த கையின் நடுக்கமும் நாடித்துடிப்பும் கலந்திருக்கும். கோல் அதைப் படித்து நூற்றுக்கு ஓர் உறுதி எண் தரும். தொண்ணூறைத் தாண்டினால் அது உண்மை, மேற்கொண்டு பேச்சில்லை. நாக்கை அடக்கலாம், விரலை அடக்க முடியாது என்று கண்டுபிடித்தவர்கள் மார்தட்டினார்கள். அவர்களில் ஒருவரும் செம்மாம்பாளையத்துக்கு வந்து பார்த்ததில்லை.

செம்மாம்பாளையம் கடைவீதியில் கோகிலவாணி கோல் பயிற்சிப் பட்டறை தொடங்கியது நல்ல எண்ணத்தில்தான். அவளுடைய அண்ணன் கண்ணால் பார்த்த ஒரு பேருந்து விபத்தைப் பற்றிச் சொல்லப் போனான். கூட்டத்தைக் கண்டதும் கை உதறியது. முப்பத்தேழு வாங்கிக்கொண்டு, பொய்ச்சாட்சி என்ற பட்டத்தோடு வீடு திரும்பினான். உண்மை பேசுகிறவன் பயந்தாங்கொள்ளியாகவும் இருக்கலாம் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. சரி, மனிதனைத்தான் இயந்திரத்துக்கு ஏற்றபடி பழக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள்.

கோலின் நெளிவு சுளிவு அத்தனையும் அவளுக்கு அத்துபடி. விரல்ரேகை படிந்த கண்ணாடி வில்லை ஒளியைச் சிதறடிக்கும், முந்தானையால் துடைத்தால் கீறல் விழும், கண்ணாடி துடைக்கும் துணிதான் சரி. சட்டைப்பையில் கிடந்து சூடேறிய கோல் தடுமாறும். பொத்தானை அமுக்கியதும் ஆள்மேல் காட்டாமல் எட்டு நொடி தரையில் காட்டினால் ஒளி நிலைக்கு வரும். பேட்டரி பாதி தீர்ந்திருந்தால் உங்கள் கை நடுங்காவிட்டாலும் புள்ளி நடுங்கும், பழி உங்கள்மேல் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கடைசிப் பாடம் இருந்தது. அதை அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாள்.

"ஆளோட மூஞ்சியப் பாக்காதீங்க. புள்ளிய மட்டும் பாருங்க. அது மனுசன் மேல இருக்குதுன்னே நெனைக்காதீங்க. செவுத்து மேல இருக்குது, அவ்வளவுதான்."

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் படித்துவிட்டுப் போனார்கள். யார் உண்மை சொல்லப் போகிறார், யார் புளுகப் போகிறார் என்று அவள் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை என்று நினைத்துக்கொண்டாள். கேட்காமல் இருப்பது சௌகரியமாகவும் இருந்தது.

போன மாதம் பனியன் கம்பெனியில் தைக்கிற பிருந்தா வந்தாள். கூட வேலை செய்பவளுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும், ஆனால் ஒரு வாரம் பழகியும் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. தரணிதரனுக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை தொண்ணூறைப் பார்த்துவிட்டால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தான். ஒளியைக் கண்ணுக்குக் கெடுதல் இல்லாத அளவுக்குக் குறைக்கும் கறுப்புச் சில்லுக்குத் தணிப்பி என்று பெயர். அதைக் கழற்றினால் ஒளி உக்கிரமாகும், கோல் இன்னும் தெளிவாகப் படிக்கும், நாலைந்து எண் கூடும். கழற்றக் கூடாது என்பது சட்டம். முத்திரையைத் திறக்கும் சாவி பட்டறையில் இரண்டு பேரிடம்தான் உண்டு. கோகிலவாணி முன்னறையில் இருந்தபோது அவன் யாரும் பார்க்காமல் பயிற்சிக் கோலின் தணிப்பியைக் கழற்றி, கோலைப் பிருந்தாவின் கையில் கொடுத்தான். ஒளிக்கதிர் மேஜையிலிருந்த எவர்சில்வர் தம்ளரில் பட்டுத் திரும்பியது. அவளுடைய வலது கண்ணில் அன்றோடு பார்வை போயிற்று. கொடுத்த கோலை வாங்கிப் பிடித்தவளுக்கு, அதைக் கழற்றியது யார் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் தரணிதரன் கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்கா, நாந்தான் பண்ணிப்போட்டேன். கோர்ட்டுல நானே ஒத்துக்கறேனுங்க."

"பயப்படாத சாமி. நான் கூட இருக்கறேன்" என்றாள் அவள். சொன்னதோடு விடவில்லை. பயத்தில் கை நடுங்கி, அவன் சொல்லும் உண்மை பொய்யாகிவிடக் கூடாதே என்று மூன்று நாள் தன்னெதிரே நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்தாள். அந்த மூன்று நாளும் அவன் புள்ளியைக் காட்டிப் பழகியது அவள் மேல்தான்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒரு முறை உண்டு என்பதால் இப்போது கோல் அவள் கைக்கு வந்தது. தோற்றால் மூன்று வருஷம் சிறை, பட்டறைக்குப் பூட்டு. வில்லையைத் துடைத்தாள். எட்டு நொடி தரையில் காட்டினாள். பிறகு அவனை நோக்கித் திருப்பினாள், அங்கேதான் தப்பு செய்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"கழட்டினது இவன்" என்றாள். புள்ளி அவன் சட்டை முழுக்க ஈ மாதிரி அலைந்தது. நாற்பத்தொன்று.

முன்வரிசையில் வலது கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்த பிருந்தா, இருக்கையின் நுனிக்கு வந்து இடது கண்ணால் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நடுங்காமப் பிடிக்க ஊருக்கே சொல்லிக்கொடுத்தவங்க நீங்க. உங்க கையே இப்படி நடுங்கினா நான் என்னன்னு எடுத்துக்கறது? சட்டப்படி அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு வாய்ப்பு உண்டு. யோசிச்சுப் பேசுங்க."

அந்த ஐந்து நிமிஷத்தில் தரணிதரன் செய்ததை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். எதிர்க்கூண்டிலிருந்து சற்றே குனிந்து, எல்லார் காதிலும் விழும்படி, "அக்கா, முழங்கையை விலாவோட ஒட்டிக்குங்க. பதட்டப்படாதீங்க" என்றான். பின்வரிசையில் யாரோ, "எவ்வளவு நல்ல மனசு பாரு" என்று உச்சுக் கொட்டினார்கள். முதுகில் குத்தியவனே மருந்தும் தடவ வந்தது அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் முறை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புள்ளியைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தைத் தள்ளி வைத்தாள். எதிரில் நிற்பது தரணி அல்ல, சுவர். சுவருக்குத் துரோகம் செய்யத் தெரியாது, சுவர்மேல் கோபமும் வராது. மூச்சை விட்டாள், சொன்னாள். தொண்ணூற்றேழு.

மண்டபமே கைதட்டியது. நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இரு தரப்பும் தொண்ணூறைத் தாண்டினால் இருவர் சொல்வதும் உண்மை. ஆகவே குற்றவாளி யாருமில்லை, நடந்தது விபத்து, வழக்கு முடிந்தது. தரணிதரன் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கம்பி நீட்டினான்.

வெளியே வராந்தாவில் ஏழெட்டுப் பேர் கோகிலவாணியைச் சூழ்ந்துகொண்டார்கள். "நாப்பத்தொண்ணுல இருந்து தொண்ணூத்தேழு, அதுவும் அஞ்சே நிமிசத்துல! அடுத்த வகுப்பு எப்பங்க?" என்று ஒருவர் கைப்பேசியை நீட்டினார். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு, படியருகே நின்ற பிருந்தாவிடம் ஓடினாள்.

"கண்ணு, அவன்தான் பண்ணினது. உனக்காச்சும் தெரியணும். நான் சொன்னது நெசம்."

பிருந்தா முழுத் தலையையும் திருப்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"மொதல்ல உங்க கை அந்த நடுக்கம் நடுங்குச்சேங்க்கா, அப்ப நம்பினேன். இவங்க பொய் சொல்லலன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்" என்றாள். "அப்பறம் நீங்களும் அவரு மாதிரியே புடிச்சீங்க. இப்ப எப்படிங்க நம்பறது?"