பாம்பின் கண்ணில் ஒரு தாங்கி

பாம்பின் கண்ணுக்குள் ஒரு தாங்கி கூடுதலாக நின்றது.

பிரவீணன் அதை முதலில் கவனிக்கவில்லை. கணினித் திரையில் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து, பாம்பின் கறுத்த கண்மணி திரை முழுவதையும் நிறைக்கும் வரைக்கும் கொண்டுபோய், அதற்குள் விழுந்திருந்த தன் அறையை வழக்கம்போல அழிக்கத் தொடங்கியிருந்தான். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான் கண்ணுக்கு மூடி. அதனால் எதிரே இருப்பதெல்லாம் அதில் குட்டியாகத் தெரியும்: மேலே சதுரமான வெள்ளை விளக்கு, ஒரு பக்கம் யன்னல், மறுபக்கம் வாசலும் அதற்கப்பால் நடையும், நடுவில் இரண்டு முழங்கைகளையும் பானைக் காதுபோல விரித்துக்கொண்டு கமராவோடு அவன். விளம்பரப் படத்தில் இவை எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளைத் தாள், பாம்பு, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான் வாங்குகிறவருக்கு வேண்டும். ஆகவே அவன் தன்னை அழித்தான், யன்னலை அழித்தான், வாசலில் மெலிந்து உயரமாக நின்ற விளக்குத் தாங்கியை அழிக்கப் போனான். அங்கேதான் கை நின்றது.

இன்றைக்கு அறையில் தாங்கியே இல்லை. வியாழக்கிழமை மகள் மயூரா ஓடிவந்து அதில் தடக்கி விழுந்து, தாங்கியின் கால் உடைந்து, அது கீழே நிலவறைக்குப் போய்விட்டது. விளக்கை அவன் முகட்டிலே கொளுவித் தொங்கவிட்டிருந்தான்.

திரும்பி வாசலைப் பார்த்தான். வாசலில் ஒன்றுமில்லை. நடையின் மஞ்சள் வெளிச்சம், சுவரோரம் மயூராவின் சின்னச் சப்பாத்துகள், அவற்றிலிருந்து உருகிய பனித் தண்ணீர். குசினியில் பாத்திரம் கழுவும் இயந்திரம் தன்பாட்டில் முனகிக்கொண்டிருந்தது. மணி மூன்று. மார்கழி மாதத்து நொர்வேயில், இந்த ஹவுகெட்டோவில், மூன்று மணியென்றால் சூரியன் கடையைப் பூட்டுகிற நேரம். யன்னலுக்கு வெளியே பனியெல்லாம் நீலமாகிக்கொண்டு வந்தது.

இருட்டு அவனுக்குப் புதிதல்ல. அப்பா மீன் வெட்டிய வடகோடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்து, இரண்டு மாதம் சூரியனையே காணாத பள்ளிக்கூட நாட்களில் வளர்ந்தவன். பாம்பும் புதிதல்ல. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இந்த ஆறு மாதத்தில் படம் எடுத்த பாம்புகளில் பாதி அவனைக் கண்டுதான் நடுங்கின. வாரநாளில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை, சனிக்கிழமைகளில் வளர்ப்புப் பாம்புகளுக்குப் படம். மனைவி தனுசியாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. அவளுடைய அரிசி அரிக்கிற சட்டியைத்தான் அவன் பாம்புக்கு மூடியாகப் பாவிக்கிறான் என்று தெரிந்த நாளில் நடந்த சண்டை மேல்மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் அந்தச் சட்டி இல்லாமல் வேலை நடக்காது. வெள்ளைத் தாளில் விட்ட பாம்பு ஒரு நொடிகூட நில்லாது, விளிம்பைத் தேடி ஓடும். அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். இருட்டுக்குள் அது தானாகவே சுருண்டு அடங்கும். பிறகு சட்டியை மெல்லத் தூக்கினால், தலையை மேலே வைத்துக்கொண்டு சிலைபோல இருக்கும். அதற்கு முதல் தெரிகிற முகம் பிரவீணனுடையது.

இன்றைய நான்கு பாம்புகளும் கீர்த்தனனுடையவை. மின்சார வேலை செய்கிற கீர்த்தனன் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். மூன்று வருடமாக ஆசையாய் வளர்த்த பாம்புகளை இப்போது ஒன்றும் மிஞ்சாமல் விற்கப்போகிறானாம். முந்திய இரண்டு கிழமைகளிலும் மூன்று மூன்றாகக் கொண்டுவந்தவன், மத்தியானம் கடைசி நான்கையும் தலையணை உறைகளில் கட்டி, சுடுதண்ணீர்ப் போத்தலோடு குளிர்ப்பெட்டியில் வைத்துத் தந்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலோடு போய்விட்டான். தேத்தண்ணி குடிக்காமல் போகிற ஆளல்ல. அதுவே இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பிரவீணன் பழைய படங்களைத் திறந்தான். திருத்தாத மூலப் படங்கள் எல்லாவற்றையும் அவன் கவனமாகச் சேமித்து வைப்பான்.

இரண்டு கிழமைக்கு முந்தியது. கண்ணுக்குள் யன்னலோரம் உண்மையான தாங்கி நின்றது. நடையின் கடைசியில், வீட்டின் வெளிக்கதவை ஒட்டி, இன்னொன்று.

போன கிழமை. யன்னலோரம் தாங்கி. மற்றது நடையின் நடுவில்.

இன்றைக்கு, அறை வாசலில்.

ஒவ்வொரு பாம்பின் கண்ணிலும் அது நின்றிருந்தது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் அதை அழித்தவன் அவன்தான். கம்பிதானே என்று ஏனோதானோவென்று பார்த்து, தன் கையாலேயே, ஆறு முறை. இப்போது பெருப்பித்துப் பார்த்தபோது கம்பிக்குத் தோள் இருந்தது. தோளிலிருந்து இரண்டு கைகள் நேராகத் தொங்கி முழங்காலுக்கும் கீழே போயின. முகம் இருக்கவேண்டிய இடத்தில் படம் புள்ளி புள்ளியாக உடைந்தது.

மயூரா நடைக்கு அப்பால், எதிர் அறையில் படுத்திருந்தாள். ஐந்து வயது. நேற்றுப் பார்ணஹாகன் பாலர் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு கூட்டிவந்தார்கள். மருந்து கொடுத்துப் படுக்க வைத்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அவன் நடையைக் கடந்து ஓடிப்போய்ப் பார்த்தான். வியர்த்த நெற்றியோடு, வாயைத் திறந்தபடி நித்திரை. காய்ச்சல் மருந்தின் ஸ்ட்ரோபெரி மணம். அந்த மணத்துக்குக் கீழே, நாட்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு குளிர்ந்த ஊத்தை மணம். அறையின் நான்கு மூலையையும் பார்த்தான், கட்டிலுக்குக் கீழே பார்த்தான், திரைச்சீலையை இழுத்துப் பார்த்தான். வெறும் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கீர்த்தனனுக்குத் தொலைபேசி எடுத்தான். நெடுநேரம் அடித்த பிறகுதான் பதில் வந்தது.

"மச்சான், உன்ர பாம்புகளின்ர கண்ணுக்குள்ளை ஒண்டு தெரியுது."





"எங்கை நிக்குது?" என்றான் கீர்த்தனன். என்னது என்று கேட்கவில்லை.

"அறை வாசல்லை."

"அங்கை வந்திட்டுதோ..." கீர்த்தனனின் குரல் உடைந்தது. அழுகிறானா, ஆறுதல்படுகிறானா என்று பிரித்தறிய முடியவில்லை. "எங்கட வீட்டிலை ரெண்டு கிழமையா நிம்மதி மச்சான். சின்னவன் இப்பதான் படுக்கிறான். என்னை மன்னிச்சுக்கொள்."

"டேய், பாம்பை வந்து கொண்டு போடா! அது என்னதெண்டாவது சொல்லு."

"எனக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நான் வரமாட்டன்."

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தால் அடிக்கவே இல்லை. தனுசியாவுக்கு எடுத்தான். ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை என்றால் அவளுடைய தொலைபேசி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும், இரவு பத்தரை வரைக்கும். பொலிசுக்கு எடுத்து என்ன சொல்வது? பாம்பின் கண்ணுக்குள் ஒருவன் நிற்கிறான் என்றா? சொன்னால் அதைத் தேடி வரமாட்டார்கள். காய்ச்சல் பிள்ளையோடு தனியே இருக்கிற தகப்பனுக்குப் புத்தி சரியா என்று பார்க்கத்தான் வருவார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வேறு எந்த யோசனையும் வரவில்லை. ஆனால் ஓடுவதற்கு நடையால்தான் போகவேண்டும். நடையில் அது எந்த இடத்தில் நிற்கிறது? மயூராவின் தலையை அதன் கைக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? இந்த வீட்டில் அதைப் பார்க்கக்கூடிய கண்கள் குளிர்ப்பெட்டிக்குள்தான் இருந்தன. படத்தைப் பார்த்தால்தான் அது நின்ற இடம் அவனுக்குத் தெரியும், அதுவும் சற்று முந்தி நின்ற இடம். இப்போது நிற்கிற இடம் அல்ல.

எதிர் அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, இரண்டாவது பாம்பைத் தாளில் விட்டுச் சட்டியால் மூடினான். ஐந்து நிமிடம். சட்டிக்குள் செதில் தாளில் உரசுகிற ஓசை, காய்ந்த இலையை யாரோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல, நின்று நின்று கேட்டது. பாத்திர இயந்திரம் ஓய்ந்துவிட்டிருந்தது. தூரத்தில் ரயில் ஒன்று நிலையத்துக்குள் வந்து நின்று, கதவு திறந்து, மூடி, போனது. அதிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற மனிதர்கள்மேல் அவனுக்குப் பொறாமை வந்தது.

சட்டியைத் தூக்கினான். படம் எடுத்தான். கமராவின் பின்திரையிலேயே பெருப்பித்தான்.

வாசலில் இல்லை. நடையில் இருந்தது. மயூராவின் அறைக்கு முன்னால், இடுப்பு மடிந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு.

"ஏய்!" என்று கத்தினான். "இஞ்சை பார்! இஞ்சை வா! அவளை விடு!"

எந்த மொழி அதற்கு விளங்கும் என்று தெரியவில்லை. நொர்வேஜிய மொழியிலும் கத்தினான். எதிர் அறையில் மயூரா புரண்டு படுத்து இருமினாள். உயிரோடிருக்கிறாள் என்று அந்த இருமல் சொன்னது.

மூன்றாவது பாம்பு. அவசரத்தில் சட்டி அதன் வாலில் பட்டது. ஐந்து நிமிடம் காத்திருக்க முடியவில்லை. இரண்டு நிமிடம். தூக்கினான். எடுத்தான். பார்த்தான்.

அவன் கூப்பிட்டது அதற்குக் கேட்டிருந்தது.

கண்ணுக்குள் இரண்டு உருவங்கள். முழங்கை விரித்தபடி அவன். அவனுக்குப் பின்னால், அவனைத் தொட்டுக்கொண்டு, அது. அவனுடைய தலைக்கு மேலே அதன் தலை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கிணற்று மணம் மூக்குக்குள்ளேயே ஏறியது. இருக்கட்டும். இங்கேயே இருக்கட்டும். அவளிடம் போகாமல் இங்கேயே நிற்கட்டும்.

நான்காவது பாம்பு. கறுத்தது, தடித்தது, சாது. தாளில் விட்டதுமே சுருண்டுவிட்டது. சட்டி தேவைப்படவில்லை.

எடுத்தான்.

பார்த்தான்.

ஒரே ஒரு உருவம்.

பின்திரையில் படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான். விளக்கு. யன்னல். வாசல். வெறும் நடை. மயூராவின் அறைக் கதவு, அங்கும் ஒருவரும் இல்லை. நடுவில் ஒரே ஒரு உருவம். போய்விட்டது! பிரவீணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சுவரில் சாய்ந்தான். கடைசிப் பாம்பையும் உறையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தான். மணமும் இல்லை. குளிரும் இல்லை. எதற்கும் என்று தன் கையை முகர்ந்து பார்த்தான். ஒரு மணமும் தெரியவில்லை.

"அப்பா."

மயூரா வாசலில் நின்றாள். வெறுங்கால். கையில் துணி முயல். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது.

"ஏன் கத்தினீங்கள்?"

"ஒண்டுமில்லையம்மா. பாம்பு ஓடப் பாத்தது."

"எங்கை பாம்பு?"

"பெட்டிக்குள்ளை படுத்திட்டுது."

அவள் நேரே வந்து வெள்ளைத் தாளின் நடுவில் ஏறி நின்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்ததும் கடைசிப் படம் அவளுக்குத்தான். அது அவர்கள் இருவருக்குமான வழக்கம்.

"இப்ப என்னை எடுங்கோ."

எடுத்தான். அவள் பல் தெரியச் சிரித்தாள். இந்த ஒரு சிரிப்புக்காக இன்னும் நூறு பாம்புகளோடு மல்லுக்கட்டலாம் என்று நெஞ்சு நிறைந்து நினைத்தான். பழக்கதோஷம், கை தானாகவே படத்தைப் பெருப்பித்தது. முகம். கன்னம். கண். வலது கண்மணி.

வெள்ளை விளக்கு. யன்னல். வாசல்.

நடுவில் ஒரே ஒரு உருவம்.

முழங்கை விரிந்திருக்கவில்லை. கையில் கமரா இல்லை. மெலிந்து, விளக்கைத் தொடும் உயரத்தில், இரண்டு கைகளும் நேராகத் தொங்கி, முழங்காலுக்கும் கீழே.

நான்காவது பாம்பின் படத்துக்குப் போனான். அங்கும் அதேதான். கமரா இல்லை. அவன் இல்லை. ஒன்றே ஒன்றுதான் என்று சிரித்த சந்தோஷத்தில், அது எது என்று பார்க்காமல் விட்டிருந்தான்.

"அப்பா, காட்டுங்கோ."

குனிந்து தன் கைகளைப் பார்த்தால் போதும். கமராவைப் பிடித்திருக்கிற கைகள் அங்கே இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். குனியவில்லை. மகளுடைய முகத்தை மட்டும் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்த கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறின. அவனுடைய முகம் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி, அதற்கும் மேலே, முகட்டுப் பக்கம்.

"அப்பா, ஏன் இவ்வளவு உயரமா நிக்கிறீங்கள்?"

பின்னுக்குப் போனான். முதுகில் சுவர் இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை. கிட்டே வராதே என்று சொல்ல நினைத்தான், அறையில் ஒரு சத்தமும் எழவில்லை. மயூரா துணி முயலைத் தாளில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு அவனிடம் நடந்து வந்தாள்.

"தூக்குங்கோ."