இடது கையால் இருபது பந்து

ஓயாமல் பேசுவதால் அவளுக்குச் சில்வண்டு என்று பட்டப்பெயர். ஆனால் நான்கு மாதமாக அவள் வீட்டில் யார் வாயிலும் பேச்சில்லை.

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் அப்பாவின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்; படுத்தவர்தான். ஞாயிறுதோறும் பொது மைதானத்தில் கோல்ஃப் ஆடியவர் அவர்.

"அந்த மட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடு" என்றார் அம்மாவிடம். அந்த வாரம் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

சில்வண்டு ஒன்றை மட்டும் ஒளித்து வைத்தாள். குழிக்குக் கிட்டே வந்த பந்தை மெல்லத் தட்டி உருட்டும் குட்டை மட்டை அது.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டாள். அப்பாவின் அறை வாசலில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து, இடது கையால் இருபது தடவை தட்டினாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒரு பந்து அம்மாவின் கணுக்காலைப் பதம் பார்த்தது.

"ஏண்டி, வீட்டுல ஒருத்தர் படுத்திருக்கறது போதாதா?"

தினமும் இருபது பந்து. பத்தாம் நாள் இரண்டு விழுந்தன. பதினைந்தாம் நாள் ஐந்து.

அன்றுதான் அப்பா திரும்பிப் பார்த்தார். கட்டியிருந்த கையைக் கண்டதும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னைக் கேலி பண்றியா?"

சில்வண்டு துண்டை அவிழ்த்தாள். "இல்லப்பா. ஒரு கையால முடியுமான்னே தெரியாம உங்களை எப்படிக் கூப்பிடறது? தூரமா அடிக்கத்தான் ரெண்டு கை வேணும். கிட்ட வந்துட்டா ஒண்ணு போதும்ப்பா."

"வெளியே போ."

மட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய் அழுதாள்.

அடுத்த நாள் மாலை அவள் வந்தபோது, அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மட்டை அவர் இடது கையில் இருந்தது.

"பந்து அலமாரிக்கு அடியில போயிடுச்சு. எடுத்துக் குடு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அன்று இருபதும் தவறின. சில்வண்டு ஆறுதல் சொல்லவில்லை; பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். சில நாள் அப்பா மட்டையை வீசி எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். மறுநாள் அவரே மட்டையைத் தேடுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறன்று இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். பழைய கூட்டாளிகள் அப்பாவின் சட்டைக்கையின் வெறும் நுனியைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள். அவர் தாடை இறுகியது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

சில்வண்டு இரவல் வாங்கிய நீள மட்டையால் ஐந்து முறை அடித்துப் பந்தைக் குழிக்கு அருகே கொண்டுவந்தாள். குட்டை மட்டை அப்பாவின் கைக்குப் போனது.

முதல் தட்டில் பந்து குழியைத் தாண்டி ஓடியது. இரண்டாவதில் விளிம்பிலேயே நின்றது. மூன்றாவதில் விழுந்தது.

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து பந்தை எடுத்து, சட்டையில் துடைத்தார்.

"வா, அடுத்த குழிக்குப் போலாம். தூர அடி உன் பாடு. கிட்ட வந்ததும் எங்கிட்ட விட்டுடு."